பன்றித் தோலிலும் மயிர்க்காலிலும் எந்தப் புரதம் எங்கே இருக்கிறது

கொல்களத்தில் பன்றியின் மயிரைக் களைவதற்காக அதை ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் சுடுநீரில் ஐந்தாறு நிமிடம் அமிழ்த்தி வைக்கிறார்கள். பிறகு சுரண்டினால் மயிர் கையோடு வந்துவிடும். மயிரோடு சேர்ந்து மேற்றோலும் தாள் தாளாகக் கழன்று போய்விடும். கொழும்பு இறைச்சிக் கடைகளில் கிடைக்கும் பன்றிக்காது வெள்ளை வெளேரென்று சுத்தமாக இருப்பதற்கு இதுவும் காரணம். தோல் என்று நாம் அங்கே பார்ப்பது பெரும்பாலும் வெறும் உட்டோல், அதாவது கொலாஜன் படை. அதை வாங்கிவந்து கெரட்டின் 14 என்னும் மேற்றோல் புரதத்தைத் தேடினால் மேற்பரப்பில் ஒன்றும் இருக்காது. மயிர்க்காலின் ஆழத்தில் ஒட்டிக்கொண்டு மிஞ்சிய துண்டுகளில் மட்டும் கொஞ்சம் கிடைக்கும். இதை வைத்து "பன்றியின் மேற்றோலில் இந்தப் புரதம் வெளிப்படுவதில்லை" என்று ஒருவர் எழுதினால், அந்த முடிவை எழுதியது சுடுநீர்த் தொட்டி.

தோல் ஆய்வில் தவறுகள் பெரும்பாலும் இப்படித்தான் ஆய்வுகூடத்துக்கு வெளியே தொடங்குகின்றன. ஒரு புரதத்தைத் தேடிப் பற்றும் பிறபொருளெதிரி, புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல், நுணுக்குக்காட்டி எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. தோலை ஒரே இழையம் என்று எண்ணி அரைத்துக் கலக்கி அளந்தால், வருகிற எண்ணுக்குப் பொருள் சொல்லவே முடியாது. எந்த அடுக்கு, மயிர் வளர்ச்சியின் எந்தக் கட்டம், உடலின் எந்தப் பகுதி, இறந்து எவ்வளவு நேரம் என்ற நான்கும் தெரிந்தால்தான் ஒரு புரதத்தின் இருப்பைப் பற்றிப் பேச முடியும்.

ஏன் பன்றி

எலியின் தோல் தளர்வானது. அதன் அடியில் மெல்லிய தசைத் தகடு ஒன்று ஓடுகிறது. காயம் பட்டால் அந்தத் தகடு சுருங்கித் தோலை இழுத்து மூடிவிடும். மனிதரின் தோலும் பன்றியின் தோலும் கீழுள்ள கொழுப்போடு இறுகப் பிணைந்தவை. காயம் ஆறுவதும் புதிய இழையம் வளர்ந்து, மேற்றோல் ஓரத்திலிருந்து தவழ்ந்து வந்து மூடும் வழியில்தான். பன்றியின் மேற்றோல் 30 முதல் 140 மைக்ரோமீற்றர் தடிப்பு, மனிதருடையது 50 முதல் 120. மேற்றோல் முழுதாகப் புதுப்பிக்கப்பட இரண்டிலும் ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது. பன்றிக்காதில் சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 20 மயிர். மனித உடலில், நெற்றி நீங்கலாக, 14 முதல் 32.

வேறுபாடுகளையும் மறக்கக்கூடாது. மனிதத் தோலெங்கும் இருக்கும் வியர்வைச் சுரப்பி வகை பன்றியின் உடற்றோலில் இல்லை. மூக்குத் தட்டு போன்ற சில இடங்களில் மட்டும் உண்டு. உடலெங்கும் இருப்பது மயிர்க்காலோடு சேர்ந்த அப்போக்கிரைன் வகை. பன்றியின் உட்டோலில் மீள்தன்மை நார்களும் குருதிக்குழாய்களும் குறைவு. மயிர்க்கால்கள் பெரும்பாலும் மும்மூன்றாகச் சேர்ந்து நிற்கும். அந்த மூன்றுக்கும் நடுவே முக்கோண வடிவில் ஒரு தசை ஓடும். மனித மயிரை நிமிர்த்தும் தசையைத் தேடி அல்பா மழமழப்புத்தசை அக்டின் என்னும் தசைப் புரதத்துக்குச் சாயமேற்றுபவர்கள், பன்றியில் இந்த அமைப்பைக் கண்டு குழம்புவது வழக்கம்.

மேற்றோலின் ஏணி

மேற்றோலின் அடிப்படையில் இருக்கும் கலங்கள் கெரட்டின் 5 ஐயும் 14 ஐயும் கட்டுகின்றன. இரண்டும் எப்போதும் சோடியாகவே வரும். ஒன்று இரண்டாம் வகை, மற்றது முதலாம் வகை. மனிதரில் இப்படி 54 கெரட்டின்கள் இருக்கின்றன, 28 முதலாம் வகை, 26 இரண்டாம் வகை. பன்றியின் கணக்கும் பெரிதாக மாறுபடாது. கலம் அடிப்படையை விட்டு மேலே எழுந்ததும் 5, 14 சோடியைக் கட்டுவதை நிறுத்தி 1, 10 சோடியைத் தொடங்குகிறது. அதற்கும் மேலே இன்வோலுக்ரின், லோரிக்ரின், பிலக்ரின் என்னும் புரதங்கள். இவற்றை நொதியங்கள் ஒன்றோடொன்று தைத்துக் கலத்தைச் சுற்றி ஒரு கவசமாக்குகின்றன. பிலக்ரின் முதலில் மிகப் பெரிய முன்புரதமாகக் குருணைகளில் தேங்கி, பிறகு துண்டாகி, கடைசியில் அமினோ அமிலங்களாக உடைந்து, செத்த கலங்களாலான மேற்பரப்பாகிய கொம்புப் படைக்கு ஈரத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. ஒரே புரதத்தின் இந்த மூன்று கட்டங்களையும் ஒரே பிறபொருளெதிரி ஒரே அளவில் பிடிக்காது. பிலக்ரின் பட்டை ஜெல்லில் ஏணிபோல் வருவதைப் பார்த்துப் பரிசோதனை கெட்டுவிட்டது என்று தூக்கி எறிந்துவிட வேண்டாம். அது அப்படித்தான் வரும்.

மேற்றோலும் உட்டோலும் சேரும் எல்லையில் லமினின் 332, நான்காம், ஏழாம், பதினேழாம் வகைக் கொலாஜன்கள். உட்டோலில் முதலாம், மூன்றாம் வகைக் கொலாஜன்கள். கெரட்டின் 6, 16, 17 மூன்றும் சாதாரண மேற்றோலில் அநேகமாக இராது. காயம், உராய்வு, அழற்சி வந்தால் சில மணி நேரத்தில் தலைகாட்டும். பன்றி தொழுவச் சுவரில் உராய்ந்த பக்கத்திலிருந்து துண்டெடுத்துவிட்டு, "சாதாரணத் தோலில் கெரட்டின் 16 உண்டு" என்று சொல்லும் அபாயம் இங்கே இருக்கிறது. துண்டெடுக்கும் முன் தோலைத் தடவிப் பாருங்கள், கீறல், சிவப்பு, தடிப்பு இருந்தால் நான்கு விரல் தள்ளி எடுங்கள்.

இன்னுமொரு சிக்கல், கலம் மேலே ஏறும்போது கருவையும், புரதம் கட்டுவதற்கான கட்டளைப் பிரதியாகிய ஆர்என்ஏயையும் இழந்துவிடுகிறது. கட்டிய புரதம் மட்டும் செதிலில் தங்குகிறது. மயிர்த்தண்டும் அவ்வாறே. ஆகவே தோலில் தூது ஆர்என்ஏ நிறைந்த இடமும் புரதம் நிறைந்த இடமும் ஒன்றல்ல. 2022 இல் வெளியான பன்றி ஆர்என்ஏ வரைபடம் 98 இழையங்களை அலசியிருக்கிறது. பன்றி ஆய்வு செய்யும் எவருக்கும் அது பெரும் கொடை. ஆனால் அதில் தோலுக்குத் தரப்பட்ட எண், உயிருள்ள அடுக்குகள் எதை எழுதிக்கொண்டிருந்தன என்பதைத்தான் சொல்லும். செதிலிலும் தண்டிலும் எது மிஞ்சிக் கிடக்கிறது என்பதை இழையத்தைப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

மயிர்க்கால்: ஒரு கம்பத்துக்குள் எட்டு அடுக்கு

மயிர்க்காலைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வெங்காயம்போல் இருக்கும். நடுவில் மயிர்த்தண்டு: அகணி, அதைச் சுற்றிப் புறணி, மேலே செதில் உறை. அதற்கு வெளியே உள்உறையின் மூன்று படைகள், பிறகு ஒற்றைக் கலத் தடிப்பில் ஒரு துணைப்படை, பிறகு வெளிஉறை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி புரதக் கையொப்பம் உண்டு.

புறணியும் செதில் உறையும் மயிர்க்கெரட்டின்களால் ஆனவை, முதலாம் வகையில் 31 முதல் 40 வரை, இரண்டாம் வகையில் 81 முதல் 86 வரை. இவற்றில் சிஸ்டீன் நிறைய. கெரட்டினோடு சேரும் சிறு புரதங்களும் கந்தகம் மிகுந்தவை. கந்தகமும் கந்தகமும் கைகோத்துப் போடும் இருசல்பைட்டுப் பிணைப்புகள்தான் பன்றிமயிருக்கு அந்த விறைப்பைத் தருகின்றன. பெயின்ற் தூரிகைக்குப் பன்றிமயிரைத் தேடுவதற்கு அதன் விறைப்பு ஒரு காரணம், நுனி இரண்டு மூன்றாகப் பிளந்திருப்பது இன்னொரு காரணம்; அந்தப் பிளவில்தான் பெயின்ற் தங்கும்.

உள்உறையின் கெரட்டின்கள் 25 முதல் 28 வரையும் 71 முதல் 74 வரையும். அதன் முத்திரைப் புரதம் டிரைக்கோஹயலின். இது அகணியிலும் உண்டு. துணைப்படையில் கெரட்டின் 75. வெளிஉறை மேற்றோலின் தொடர்ச்சியாதலால் 5, 14 இருக்கும். கூடவே 6, 16, 17 உம் காயம் எதுவும் இல்லாமலே இருக்கும். மேற்றோலில் அழற்சியின் அடையாளமாகிய ஒரு புரதம், மயிர்க்காலில் வழமையான குடியிருப்பாளர். முழுத்தோலை அரைத்து கெரட்டின் 17 அளந்தால் வருகிற எண், அந்தத் துண்டில் எத்தனை மயிர்க்கால் விழுந்தது என்பதைச் சொல்லுமே தவிர அழற்சியைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

வெளிஉறையின் ஒரு பக்கத்தில், நெய்ச்சுரப்பிக்குக் கீழே, குருத்துக் கலங்கள் குடியிருக்கும் இடம். அங்கே கெரட்டின் 15 நல்ல அடையாளம். எலி ஆய்வுகளைப் படித்துவிட்டு அதே இடத்தில் சிடி34 என்னும் கலமேற்பரப்புப் புரதத்தைத் தேடுபவர்கள் உண்டு. எலியில் அது சரி. மனித மயிர்க்காலில் சிடி34 அந்த இடத்துக்குக் கீழுள்ள வெளிஉறையில் தெரியும், குருத்துக் கலங்களில் அல்ல. எலியின் அடையாளத்தைப் பன்றிக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வருவது நல்லதல்ல.

அடியில் மயிர்க்குமிழ். அதன் குழியில் பப்பிலா என்னும் சிறு கலக்கொத்து. இதில் கெரட்டின் கிடையாது. வேர்சிக்கனும் கார பொசுபற்றேசும் இருக்கும். பப்பிலாவைச் சூழ்ந்த கலங்கள் வேகமாகப் பிரிவதால், பிரியும் கலங்களின் அடையாளப் புரதமாகிய கி-67 க்கான சாயம் அங்கே அடர்த்தியாகப் பிடிக்கும். எல்இஎப்1 என்னும் புரதமும் அங்கேதான். மயிர்க்கெரட்டின்களில் முதலில் தலைகாட்டுபவை 35 உம் 85 உம்; மற்றவை மேலே போகப் போக வரிசையாக வரும்.

இத்தனையும் வளர்கட்டத்து மயிர்க்காலுக்கு. சுருங்குகட்டத்தில் குமிழ் கரைகிறது, ஓய்வுகட்டத்தில் உள்உறையே இல்லை. ஆக, இரண்டு கூட்டப் பன்றிகளை ஒப்பிட்டு ஒன்றில் டிரைக்கோஹயலின் பாதியாகக் குறைந்திருந்தால், பரம்பரையலகு அடங்கிவிட்டது என்று உடனே எழுதிவிடக்கூடாது. அந்தக் கூட்டத்தில் ஓய்விலிருந்த மயிர்க்கால் கூடுதலாக இருந்திருக்கலாம். புரதம் குறையவில்லை, அதைக் கட்டும் கலங்களே அங்கு இல்லை. ஒரு துண்டில் வெட்டுமுகம் பார்த்து வளர்கட்டம் எத்தனை, ஓய்வுகட்டம் எத்தனை என்று எண்ணிவைக்காத எந்த மயிர்க்கால் அளவீட்டையும் நம்பத் தேவையில்லை என்பதே எங்கள் நிலைப்பாடு.

வெள்ளைப் பன்றி, கறுப்புப் பன்றி

புத்தளத்திலிருந்து நீர்கொழும்பு, ஜாஎல வழியாகக் கொழும்பு வரை நீளும் மேற்குக் கரையோரம்தான் இலங்கையின் பன்றி வளர்ப்புப் பட்டி. பண்ணைகளில் லார்ஜ் வைற், லேண்ட்ரேஸ் போன்ற வெள்ளை இனங்களும் அவற்றின் கலப்புகளும் நிறைய. வீட்டுப்புறங்களில் கறுப்பு மயிர் நாட்டுப்பன்றிகளைக் காணலாம்.

வெள்ளைப் பன்றியின் வெண்மைக்குக் காரணம் கிட் என்னும் பரம்பரையலகு. அது ஏறத்தாழ 450,000 காரச்சோடி நீளத்தில் இரட்டித்திருக்கிறது. இரட்டித்த ஒரு பிரதியில் 17 ஆம் இன்ட்ரனின் (புரதமாக மாறாத இடைத்துண்டு) முதல் எழுத்து மாறியதால் 17 ஆம் எக்ஸன் (புரதத்துக்குரிய துண்டு) தாண்டிவிடப்படுகிறது. கிட் புரதம் நிறக்கலங்களின் முன்னோடிகளுக்கு வழிகாட்டும் ஏற்பி. அது குறைபட்டால் நிறக்கலங்கள் மயிர்க்காலுக்கு வந்து சேர்வதே இல்லை. எனவே லார்ஜ் வைற் பன்றியின் குமிழில் தைரோசினேசு, மெலன்-ஏ முதலிய நிறக்கலப் புரதங்களைத் தேடிக் காணாமல் போனால் பிறபொருளெதிரியைப் பழி சொல்ல வேண்டாம். தேடப்படும் கலமே அங்கு இல்லை. டியூரொக் பன்றியின் செந்நிறம் வேறு கதை. அங்கே நிறக்கலம் இருக்கிறது, எம்சி1ஆர் ஏற்பிதான் பழுது. ஆகவே கருநிறம் தயாராகாமல் செந்நிறம் வருகிறது. நிறப் புரதங்களைப் படிப்பவர்களுக்குக் கறுப்பு நாட்டுப்பன்றி நேர்க்கட்டுப்பாடு (புரதம் இருக்கவேண்டிய ஒப்பீடு), வெள்ளை இனம் எதிர்க்கட்டுப்பாடு (இருக்கக்கூடாத ஒப்பீடு). இயற்கை செய்து தந்த சோடி இது, இலங்கையில் இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில்.

துண்டெடுத்தல்

வெட்டியதும், சுடுநீரில் இறக்கும் முன்னர், காதையோ விலாப்பக்கத் தோலையோ எடுக்க வேண்டும். கொல்களத்தில் வேலை வேகமாக நடக்கும். முதல் நாளே போய்ப் பேசி, எந்தப் பன்றியில், எந்த இடத்தில், எத்தனை நிமிடம் தருவார்கள் என்று ஒழுங்கு செய்யாவிட்டால் கிடைக்காது. மயிரைக் கத்தரிக்கோலால் ஒரு மில்லிமீற்றர் விட்டு வெட்டுங்கள். சவர அலகு கொம்புப் படையைச் சுரண்டிவிடும். பிறகு குளிர்ந்த உப்புக்கரைசலால் கழுவி, 8 மில்லிமீற்றர் வட்டக் குத்தியால் கொழுப்புவரை ஆழமாகக் குத்தி எடுக்க வேண்டும். 4 மில்லிமீற்றர் குத்தி மலிவுதான். ஆனால் மயிர் அடர்த்தி சதுர சென்ரிமீற்றருக்கு 20 என்றால் அந்த வட்டத்துக்குள் இரண்டு மூன்று மயிர்க்கால்தான் விழும், அதிலும் பாதி சரிந்து வெட்டுப்படும். மயிர் சாய்ந்திருக்கும் கோணத்திலேயே குத்தியையும் சாய்த்துப் பிடியுங்கள்.

ஆழம் முக்கியம். வளர்கட்டக் குமிழ்கள் உட்டோலைத் தாண்டிக் கொழுப்புக்குள் இறங்கி இருக்கும். தோலை மெல்லியதாகச் சீவும் கருவியால் 0.5 மில்லிமீற்றர் எடுத்தால் குமிழ் எல்லாம் பன்றியோடு நின்றுவிடும். ஜெல்லுக்குக் கொழுப்பு ஆகாது என்று சுத்தமாக வழித்தெடுப்பவர்களும் அதே இழப்பைச் சந்திக்கிறார்கள். குமிழ்ப் புரதம் வேண்டுமானால் கொழுப்பை விட்டுவைத்து, பெருப்பிக்கும் கண்ணாடியின் கீழ் நுண்ணிடுக்கியால் மயிர்க்கால்களை ஒவ்வொன்றாக உருவி எடுப்பதைத் தவிரக் குறுக்குவழி இல்லை. பிடுங்கிய மயிரிலும் வேலை செய்யலாம். வேரில் வெண்மையான உறை ஒட்டி வந்தால் அது வளர்கட்டம். ஆனால் பப்பிலா உள்ளேயே தங்கிவிடும்.

கொழும்பின் 30 பாகை வெக்கையில் நொதியங்கள் காத்திருக்காது. பொசுபேற்று ஏறிய சமிக்ஞைப் புரதங்கள் சில நிமிடங்களில் போய்விடும், கி-67 மணிக்கணக்கில் மங்கும், கெரட்டின் மட்டும் நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும். ஜாஎலப் பக்கம் எடுத்த துண்டைக் கொழும்பில் ஆய்வுகூடங்கள் இருக்கும் பொரளைக்கோ கின்ஸி வீதிக்கோ கொண்டுவர 20 கிலோமீற்றர்தான்; காலை நேரத்து நீர்கொழும்பு வீதி நெரிசலில் அது ஒன்றரை மணி நேரமும் ஆகும். ஆகவே அங்கேயே பிரித்துவிடுவது நல்லது: ஒரு பாதி, தன் அளவைப்போல் பத்து மடங்கு 10 சதவீத நடுநிலைப் போமலினில், மறு பாதி திரவ நைதரசனில். திரவ நைதரசன் இல்லையென்றால் உப்புக்கரைசலில் நனைத்த துணியில் சுற்றி, குழாயிலிட்டு, அந்தக் குழாயைப் பனிக்கட்டியில் வையுங்கள். இழையத்தை நேரே பனிக்கட்டியில் போட்டால் ஓரங்கள் உறைந்து கலங்கள் வெடித்து, வெட்டுமுகத்தில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும்.

எடுத்ததைக் காப்பது அடுத்த கவலை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்த நாட்டில், மறை 80 பாகைப் பெட்டியை மட்டும் நம்பி ஒரு வருட உழைப்பை வைக்க முடியாது. போமலினில் இட்டுப் பரபின் மெழுகில் பதித்த கட்டை மின்சாரம் கேட்காது. ஒவ்வொரு விலங்கிலிருந்தும் ஒன்றாவது மெழுகுக் கட்டையாக இருக்கட்டும். 2024 பிற்பகுதியில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையில் உறுதிப்படுத்தப்பட்டபின், பண்ணைக்கும் ஆய்வுகூடத்துக்கும் இடையே செருப்பும் கத்தியும் கைமாறுவதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. மனிதருக்கு அந்த வைரசு தொற்றாது. பன்றியிலிருந்து தொற்றும் சில பற்றீரியாக்கள் தொற்றும், எனவே கையுறை கட்டாயம்.

ஆய்வுகூடத்தில் முஸ்லிம் மாணவர்கள் இருந்தால் பன்றி இழையம் வருவதை முன்கூட்டியே சொல்லுங்கள். கத்தி, அரைக்கும் கோல், தட்டு எல்லாம் தனியாகப் பெயரிட்டு ஒதுக்குங்கள். இது மரியாதைக்கும் தேவை, மாதிரிகள் கலக்காமல் இருப்பதற்கும் தேவை.

சாயம் சொல்வதும் மறைப்பதும்

போமலினில் 24 மணி நேரம் போதும். மூன்று நாள் கிடந்தால் பிறபொருளெதிரி பற்றும் இடங்கள் மூடிப்போகும். மெழுகில் பதிக்கும்போது துண்டை நிறுத்தி வையுங்கள், படுக்கவைத்தால் மயிர்க்கால் வட்டம் வட்டமாகத்தான் வெட்டுப்படும். 4 முதல் 5 மைக்ரோமீற்றர் சீவலை மின்னேற்றமுள்ள கண்ணாடித் தட்டில் ஏற்றி, 60 பாகையில் ஒரு மணி நேரம் காயவிட வேண்டும். போமலின் மூடிய இடங்களைத் திறப்பதற்குச் சீவலைச் சூடான சிட்ரேற்றில் வைக்க வேண்டும். அப்போது கொலாஜன் மிகுந்த தோல் மெல்ல மெல்ல ஓரம் கிளம்பி, கடைசியில் தட்டைவிட்டே மிதந்துபோகும். சிட்ரேற்றுக் கரைசல் பிஎச் 6.0, 95 பாகை, 20 நிமிடம். கொதிக்கவிடாதீர்கள், குமிழிகள்தான் சீவலை உரிப்பவை. பிறகு பாத்திரத்தோடு 20 நிமிடம் ஆறவிட்டு, 3 சதவீத ஐதரசன் பெரொக்சைட்டில் 10 நிமிடம், ஆட்டுச் சீரம் 5 முதல் 10 சதவீதத்தில் அரை மணி, முதல் பிறபொருளெதிரி 4 பாகையில் இரவு முழுவதும்.

எந்தப் பிறபொருளெதிரி என்பதில்தான் பணமும் காலமும் கரைகின்றன. சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் மனிதப் புரதத்துக்கு எதிராக உருவானவை. கெரட்டினின் நடுத்தண்டுப் பகுதி மனிதருக்கும் பன்றிக்கும் அநேகமாக ஒன்று. அதைக் குறிவைத்த பிறபொருளெதிரி பன்றியில் வேலை செய்யும். ஆனால் அதே நடுத்தண்டு 14, 16, 17 மூன்றிலும் ஒத்திருப்பதால் அது மூன்றையும் சேர்த்துப் பிடிக்கக்கூடும். வால் பகுதி ஒவ்வொரு கெரட்டினுக்கும் தனித்துவமானது. அங்கே குறிவைத்தால் குழப்பமில்லை, ஆனால் வால்தான் இனத்துக்கு இனம் மாறும் இடம். வாங்கும் முன் விற்பவரிடம் எந்தத் துண்டுக்கு எதிராக எழுப்பியது என்று கேட்டு, அந்த அமினோ அமில வரிசையைப் பன்றியின் வரிசையோடு அடுக்கிப் பாருங்கள். 15 இல் 3 எழுத்து மாறியிருந்தாலே சந்தேகப்பட வேண்டும். வந்ததும் 1:100, 1:200, 1:400, 1:800 என்று நான்கு ஐதாக்கலில் மனிதத் தோலையும் பன்றித் தோலையும் அருகருகே வைத்துச் சாயமேற்றினால் பதில் தெரிந்துவிடும்.

பழுப்பு நிறம் தரும் டிஏபி சாயம் கறுப்புப் பன்றியில் ஏமாற்றும், மெலனினும் பழுப்பு. அங்கே சிவப்புச் சாயம் எடுங்கள். ஒளிர்சாயம் என்றால் மயிர்த்தண்டும் மீள்தன்மை நாரும் பச்சையில் தாமாகவே ஒளிரும், தொலைசிவப்பில் பாருங்கள். கொம்புப் படையும் உள்உறையும் எந்தப் பிறபொருளெதிரியையும் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்ளும் வழக்கமுடையவை. முதல் பிறபொருளெதிரி இடாத தட்டிலும் அவ்விடம் நிறம் கொண்டிருந்தால், உங்கள் அழகான படத்தில் அந்தப் பகுதியை எண்ணிக்கையில் சேர்க்க முடியாது.

கரையாததைக் கரைத்தல்

வழமையான கரைசல் கெரட்டினைக் கரைக்காது. அதில் கரையாமல் குழாயடியில் வெள்ளையாகத் திரளும் படிவை வீசிவிட்டு, மேலே நிற்கும் தெளிநீரில் கெரட்டினைத் தேடுவது தோல் ஆய்வில் மிகச் சாதாரணமான தவறு. புரதம் அந்தப் படிவில்தான் இருக்கிறது. திரவ நைதரசனில் இடித்துத் தூளாக்கி, முதலில் வழமையான கரைசலில் கரைவதை எடுத்து, மிஞ்சியதை 8 மோலர் யூரியாவும் இருசல்பைட்டை உடைக்கும் டிடிரியும் கொண்ட கரைசலில் கரைத்து, இரண்டையும் தனித்தனியாக ஓட்டுங்கள். மயிர்த்தண்டு இன்னும் கெட்டி: 5 மோலர் யூரியா, 2.6 மோலர் தயோயூரியா, 5 சதவீத மேர்கப்டோஎதனோல், பிஎச் 8.5, 50 பாகையில் ஒன்று முதல் மூன்று நாள். ஆனால் சூடான யூரியா லைசினோடு சேர்ந்து அதன் நிறையை 43 அலகு கூட்டிவிடும். ஜெல்லுக்கு இது பரவாயில்லை. திணிவு நிறமாலைக்கு (புரதத் துண்டுகளை நிறையால் அடையாளம் காணும் முறை) அனுப்புவதானால் இந்த மாற்றத்தையும் தேடலில் சேர்க்க வேண்டும். டிடிரி உள்ள கரைசலில் பிசிஏ முறையால் புரதம் அளந்தால் எண் பொய்யாக ஏறும். பிராட்போர்ட் முறையே இங்கு பாதுகாப்பு.

திணிவு நிறமாலையில் இரண்டு பொறி. ஒன்று, ஆய்வுகூடத் தூசியில் மனிதக் கெரட்டின் நிறைந்திருக்கிறது. பன்றிக் கெரட்டினோடு பொதுவான துண்டுகளை வைத்து எதுவும் நிறுவ முடியாது, பன்றிக்கு மட்டும் உரிய துண்டுகளையே எண்ண வேண்டும். மற்றது, புரதத்தைத் துண்டாக்கப் பயன்படும் திரிப்சின் பெரும்பாலும் பன்றிக் கணையத்திலிருந்து வருவது. மற்ற இழையங்களில் அதை மாசு என்று ஒதுக்குவது எளிது. இங்கே அது பன்றிப் புரதப் பட்டியலிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும்.

எண்ணிக்கையில் எதை எண்ணுவது

ஒப்பிடும் அடிக்கல்லாக அக்டினை வைப்பது வழக்கம். மயிர்க்காலின் கட்டம் மாறும்போது அதன் அளவும் மாறுவதால், பொன்சோ சாயத்தில், ஒரு மாதிரி ஜெல்லில் ஓடிய முழுப் பாதையின் புரதத்தையும் அளந்து அதனோடு ஒப்பிடுவது மேல்.

ஒரு பன்றியிலிருந்து பத்துச் சீவல் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஐந்து மயிர்க்கால் எண்ணினால் 50 அளவீடு கிடைக்கும். ஆனால் பன்றி ஒன்றுதான். அந்த 50 ஐயும் தனித்தனி மாதிரியாகக் கொண்டு கணக்குப் போட்டால், இல்லாத வேறுபாடும் இருப்பதுபோல் தெரியும். ஒவ்வொரு பன்றிக்கும் சராசரி ஒன்று எடுத்து, அதைத்தான் ஒப்பிட வேண்டும். ஒரே ஈற்றுக் குட்டிகள் ஆறை எடுத்தாலும் அவை ஆறு குடும்பமல்ல; இரண்டு மூன்று தாய்களிடமிருந்து பிரித்தெடுப்பது நல்லது. காதையும் முதுகையும் ஒரே அட்டவணையில் கலக்கக்கூடாது. ஒவ்வொரு துண்டோடும் இனம், பால், வயது, உடற்பகுதி, வெட்டியதிலிருந்து போமலினுக்குப் போகும்வரை எத்தனை நிமிடம் என்பதைப் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா மை சைலினிலும் அற்ககோலிலும் கரைந்துபோகும்.